கணக்குத் தாளில் என் கையெழுத்து

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்விட்டது. சர்ச்சில் பூசைக்குப் போய் வந்து மீன் குழம்பு. நாளைக்குப் பரீட்சை. எட்டாம் வகுப்பு, தனித்தேர்வர். முப்பத்தெட்டு வயசில்.

எடுத்து வைத்தது: ஹால் டிக்கெட், ஆதார், நீலப் பேனா, பென்சில், ஸ்கேல், தண்ணீர் பாட்டில்.

எதற்கு இந்த வேலை என்று பயத்தில் மறந்துவிடக் கூடாது, அதனால் எழுதி வைக்கிறேன். ஏழாவதோடு நின்றவள். ஒரகடத்தில் வண்டிக்கு வயர் கட்டும் லைனில் பதினோரு வருஷம், எல்லாம் காண்ட்ராக்ட்டில். தீபாவளிக்குள் எட்டாவது மார்க் ஷீட் காட்டினால் கம்பெனி ரோலில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக எச்.ஆர். சொன்னார். இல்லையென்றால் இதே காண்ட்ராக்ட் அட்டைதான். இந்த வாரம் முழுக்க செகண்ட் ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருக்கிறேன். காலையில் பரீட்சை, மத்தியானம் கம்பெனி பஸ்.

புத்தகமெல்லாம் என் மகள் ஸ்டெல்லாவுடையது. அவள் இப்போது ஒன்பதாவது. சமூக அறிவியலில் ஒரு ராஜா பாக்கியில்லாமல் பேனாவால் கூலிங் கிளாஸ், ராணிகளுக்கு மீசை. யார் யார் என்றே எனக்கு அடையாளம் தெரியவில்லை. கேட்டால், "கிளாஸ்ல போர் அடிச்சிதும்மா" என்கிறாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தமிழ். வெயில்.

மறைமலை நகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். வீட்டுக்காரர்தான் கொண்டுபோய் விட்டார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், பொண்டாட்டிக்கு மட்டும் இன்றைக்கு முழு ஆட்டோ. இறங்கும்போது, "இன்னா எட்டாங்கிளாஸு, பக்கத்துல எட்டிப் பாக்காம எழுதிக்கினு வா" என்றார். மனுசனுக்கு வாய் மட்டும் குறையவே குறையாது.

பெஞ்சு சின்னது. முட்டி இடிக்கிறது. பக்கத்து வரிசையில் செக்யூரிட்டி உடுப்போடு ஒருத்தர், எனக்கும் பெரியவர். அவரைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம். தாளில் எங்கேயும் பேர், கையெழுத்து எழுதக் கூடாது என்று வாசித்தார்கள்.

மனப்பாடப் பாட்டு வந்துவிட்டது, அப்பாடா. ஊருக்கு நூலகம் கேட்டு விண்ணப்பம் எழுதச் சொன்னார்கள். எழுத எழுத எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நிழற்குடை இல்லாததையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இங்கிலீஷ். நல்ல மழை, புடவை முட்டி வரை நனைந்தது. ரிஜெக்ட், அர்ஜென்ட், ஓவர்டைம் எல்லாம் வாயில் இருக்கிறது, கையில் வரமாட்டேன் என்கிறது. முப்பத்தைந்து வந்தால் போதும் மாதாவே.

மு.மாரி பஸ்ஸில் எனக்காக ஜன்னல் சீட் பிடித்து வைத்திருந்தாள். முத்துமாரி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், டிப்ளமா படித்தவள், ஹாஸ்டலில் இருக்கிறாள். லைனில் அடுத்த மேசை. ஆறு மாதமாக டீ பிரேக்கில் எனக்குப் பாடம் சொல்கிறவள் அவள்தான். "இங்கிலீஷ் போனா போவுது, நாளைக்கு கணக்க அடிச்சிருங்கக்கா" என்றாள்.

எனக்குப் பிடித்தது கணக்குதான். பள்ளிக்கூடத்தில் அதைக் கண்டு ஓடினவள். பூஜ்யத்துக்குக் கீழேயும் எண் உண்டு என்பதை லிஃப்ட்டை வைத்துச் சொன்னாள் மு.மாரி. தரைத்தளம் பூஜ்யம், அதற்குக் கீழே பார்க்கிங் மைனஸ் ஒன்று. ஒரு நொடியில் விளங்கியது. அறிவியலும் அப்படித்தான். இத்தனை வருஷம் வயர் கட்டுகிறேன், உள்ளே என்ன ஓடுகிறது, ஏன் ஓடுகிறது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. தெரிந்த அன்றைக்கு சாயந்தரம் வரைக்கும் ஒரே சந்தோஷம். சிரித்துக்கொண்டே நின்றதற்கு சூப்பர்வைசரிடம் திட்டு.

ஆகஸ்ட் 20, புதன்

கணக்கு. ரொம்ப நன்றாக எழுதினேன். வட்டத்தின் சுற்றளவு, சதவீதம், கோணம், எல்லாம் வந்தது. ஒரே ஒரு கணக்கில் கூட்டல் தப்பு. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் அமலா என்று என் கையெழுத்து, தேதி. கீழே சரியாகத் திரும்பப் போட்டேன். சுத்தமான வேலை.

பஸ்ஸில் இதைப் பெருமையாகச் சொன்னேன். மு.மாரி கையிலிருந்த முறுக்கை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"யக்கா, பரீட்சைத் தாள்லயா கையெழுத்துப் போட்டிய?"

"ஆமா. தப்பா எழுதினா இன்னா பண்ணுவாங்க? நம்ம செக் ஷீட்ல அப்படித்தானே போடறோம்?"

"அது கம்பெனில்லாக்கா! தாள்ல பேரு இருந்தா யார் தாளுன்னு திருத்துதவகளுக்குத் தெரிஞ்சிரும்லா. செல்லாதுன்னு சொல்லிருவாகளே!"

லைனில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம் அது. வேலையைச் சரிபார்த்து எழுதுகிற செக் ஷீட்டில் கிறுக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. ஒற்றைக் கோடு, கையெழுத்து, தேதி. ஆடிட்டில் கேட்பார்கள். கை தானாகப் போட்டிருக்கிறது. திங்கட்கிழமை ஹாலில் வாசித்ததும் காதில் விழுந்ததுதான். ஆனால் பேர் எழுதுவது வேறு, திருத்தம் வேறு இல்லையா? எனக்கு அப்படித்தான் பட்டது.

ஷிஃப்ட் முழுக்கக் கை ஓடவில்லை. நன்றாக எழுதின பேப்பரா போகணும்? இங்கிலீஷ் போயிருந்தால்கூட இவ்வளவு வலிக்காது.

ஆகஸ்ட் 21, வியாழன்

அறிவியல். மேகம்.

இன்றைக்கும் நாளைக்கும் எழுதி என்ன ஆகப்போகிறது, படுத்துக்கொள்கிறேன் என்றேன். வீட்டுக்காரர் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணிவிட்டு வாசலில் நின்றார். "தப்பு பண்ணா ஒத்துக்கினு போய் சொல்லு. பூட்டிக்கினு படுத்தா பேப்பர் திரும்பி வந்துடுமா? ஏறு."

முன்னாலேயே போய்ப் பரீட்சைப் பொறுப்பு மேடத்தைப் பார்த்தேன். அந்தப் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ். எல்லாம் சொன்னேன்.

"பேப்பர் கட்டு நேத்தே போயிடுச்சேம்மா" என்றார். "அதான் படிச்சுப் படிச்சுச் சொல்றோமே, ஏம்மா போட்டீங்க?"

"கம்பெனிப் பழக்கம் மேடம்."

மேடம் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "நடந்ததை உங்க கையாலயே எழுதிக் குடுங்க. தெரியாம நடந்ததுன்னு நானும் எழுதி மேல அனுப்பறேன். ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் அவங்க முடிவு. என்னால வேற எதுவும் சொல்ல முடியாது."

எழுதினேன். கடைசி வரியில் பேனா நின்றுவிட்டது.

"மேடம், இங்க கையெழுத்து போடலாமா?"

"இங்க போட்டாத்தான்மா ஆகும்!" என்று சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

அறிவியல் பரவாயில்லை. அமிலம், காரம், லிட்மஸ் நிறம் மாறுவது எல்லாம் எழுதினேன். இலை சாப்பாடு செய்கிற படத்தில் அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். அடித்தேன். பேனா 'அ' போடப் போய்விட்டது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். செக்யூரிட்டி அண்ணன், "இன்னாம்மா, சுளுக்கா?" என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சமூக அறிவியல். முடிந்தது, முடிந்தது, முடிந்தது.

உள்ளாட்சி வந்தது. கிராம சபையில் நாமே எழுந்து கேள்வி கேட்கலாமாம். நான் போனதே இல்லை. போக வேண்டும். பாறை வகை மூன்றும் எழுதினேன். ராஜாக்கள் பற்றி இரண்டு கேள்வி. கண்ணை மூடினால் கூலிங் கிளாஸ்தான் வருகிறது.

வெளியே வந்து செக்யூரிட்டி அண்ணனோடு கரும்பு ஜூஸ். "பாஸானா பத்தாவது எழுதலாம், வர்றியாம்மா?" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கணக்குத் தாள் பற்றிச் செய்தி ஒன்றுமில்லை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு மாறியாயிற்று. துணி துவைத்தேன், மாவு அரைத்தேன். மிக்ஸி ஓடும்போது சத்தத்துக்கு நடுவில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஸ்டெல்லா கண்டுபிடித்துக் கிண்டல். படிக்க ஒன்றுமில்லாமல் சாயந்தரம் வெறிச்சென்று இருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

ரிசல்ட்.

போன் லாக்கரில். டீ பிரேக்கில் ஓடினேன். அவசரத்தில் நம்பர் தப்புத் தப்பாகப் போயிற்று. மு.மாரி பிடுங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

தமிழ் 44. இங்கிலீஷ் 36. கணக்கு 71. அறிவியல் 58. ச.அ. 49. தேர்ச்சி.

"யக்கா! எழுபத்தொண்ணுக்கா! கணக்கு!" கேன்டீனே திரும்பிப் பார்த்தது. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். யார் திருத்தினார்களோ, நன்றாக இருக்கட்டும். மு.மாரி அழுதாள். எனக்கு நல்ல பசி, இரண்டு வடை சாப்பிட்டேன்.

எச்.ஆரிடம் காட்டினேன். மார்க் ஷீட் கைக்கு வந்ததும் கொண்டுவரச் சொன்னார், அடுத்த மாதம் ரோலுக்குப் பேர் போகுமாம். வீட்டுக்காரருக்கு போன். ஆட்டோ நிறைய ஆள் போல. "தமிழ்ல நாப்பத்தி நாலுதானா? பேசறப்ப நூத்துக்கு நூறு வாங்கறியே" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்புறம் குரலைத் தணித்து, "சாயந்தரம் பிரியாணி வாங்கிக்கினு வர்ரேன்" என்றார்.

சாயந்தரம், பிரியாணி வருமுன், காலைச் சாம்பாருக்குப் பருப்பைக் குக்கரில் வைக்கும்போது ஸ்டெல்லா உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "அம்மா, இந்தக் கணக்கு வரல, கொஞ்சம் வாயேன்" என்றாள். எழுதித் தரவும் படித்துச் சொல்லவும் நான் இவளைக் கூப்பிட்டதுண்டு. இவள் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஒன்பதாவது கணக்கு. எனக்கும் வரவில்லை. ரெண்டு பேரும் பென்சிலை மாற்றி மாற்றிப் பிடுங்கிக்கொண்டிருந்ததில் பருப்பு தீய்ந்துவிட்டது.