ஜெபத்தால் அடைத்த வாய்

25.9.1973

வாய்க்கால் நிறையத் தண்ணீர். நடவுதான் நடக்கவில்லை. மிராசுதார் சாரங்கபாணி கூலியை உயர்த்தும்வரை அவர் நிலத்தில் யாரும் இறங்குவதில்லை என்று சங்கத்தில் முடிவு. கோட்டையில் யார் ஆண்டாலும் கூலியை இந்த வரப்பில் நின்றுதான் பேசவேண்டியிருக்கிறது.

காலையில் அம்சம் வந்தாள். நடவுப் பெண்களுக்கு அவள்தான் தலைவி, சபையிலும் முன்வரிசை. செவ்வந்தி விடியலில் மிராசுதார் நாற்றங்காலில் நாற்றுப் பறித்ததைக் கண்ணால் பார்த்தாளாம். “ஒருத்தி எறங்கினா போதும் ஐயா, அவரு வெளியூர் ஆளைக் கொண்டாந்துடுவாரு. அப்புறம் எங்க எல்லார் வயித்துலயும் மண்ணுதான்.” காபி கொடுத்து முழுவதும் கேட்டேன். இனி செவ்வந்தியை எங்கேயும் நடவுக்குச் சேர்க்க மாட்டார்களாம். புருஷன் இல்லாதவள். நடவை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு ஏது?

அடுத்த மாதம் ஏழாம் தேதி போதகர் வருகிறார், கோயிலில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து. மனஸ்தாபம் உள்ளவர்கள் ஒப்புரவாகாமல் அந்தப் பந்திக்கு வரக்கூடாது என்பது எங்கள் சபை ஒழுங்கு. போதகர் இல்லாத நாளில் சபையைப் பார்த்துக்கொள்ள உபதேசியார் நான் எதற்கு இருக்கிறேன்? அதற்குள் தீர்த்துவிட வேண்டும்.

27.9.1973

தீர்த்தாயிற்று. இருவரையும் கோயிலுக்கு அழைத்து, செவ்வந்தியை மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். “ஐயா, அந்த நாத்து—” என்று ஆரம்பித்தாள். முதலில் மன்னிப்பு என்றேன். கேட்டாள். மறுபடி ஏதோ சொல்ல வந்தாள். ஜெபிப்போம் என்று கண்ணை மூடிவிட்டேன். சீக்கிரமே முடிந்தது.

30.9.1973

செவ்வந்தி ஆராதனைக்கு வரவில்லை.

1.10.1973

பக்கத்து ஊர் நடவுக்கும் அவளைச் சேர்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டதே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டதாம்.

மனைவியிடம் புலம்பினேன். ஞானம் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: “அவ வாயைத் தொறந்தா நீங்க ஜெபத்தை ஆரம்பிச்சுட்டீங்க. கர்த்தரைக் கூப்பிட்டதுக்கப்புறம் அவ எங்க பேசறது?” சமாதானம் பண்ணினவனுக்கு இதுதான் மரியாதையா? சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

பசிக்கிறது. அவள் சொன்னது சரிதான். அம்சத்துக்குக் காபி, செவ்வந்திக்கு ஜெபம். என்ன மனுசன்யா நீ.

2.10.1973

செவ்வந்தி வீட்டு வாசலில் போய் நின்றேன். “அதான் மன்னிப்புக் கேட்டுட்டேனே ஐயா. இன்னும் என்ன?” என்றாள். திரும்பி வந்தேன்.

7.10.1973

செவ்வந்தி வந்திருந்தாள். கதவோரம் உட்கார்ந்தாள். போதகர் பந்திக்கு அழைத்தபோது நான் எழுந்து போகவில்லை. “என்ன உபதேசியாரே?” என்றார். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

“எனக்கும் செவ்வந்திக்கும் ஒரு வழக்கு இருக்குங்க ஐயா. அவங்களைப் பேச விடாம தீர்ப்புச் சொல்லிட்டேன். அவங்க பேசி, நான் கேட்கிற வரைக்கும் நான் பந்திக்கு வரக்கூடாதுங்க.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்சமும் பந்திக்கு எழுந்திருக்கவில்லை.

8.10.1973

செவ்வந்தி வந்தாள். அம்சத்தையும் அழைத்தேன். இருவருக்கும் காபி. செவ்வந்தியை முதலில் பேசச் சொன்னேன்.

அவள் தம்பி வீரையனின் குத்தகை நிலம் பள்ளம். தண்ணீர் தேங்கும் என்று தன் விதையை முன்பே கேட்டு மிராசுதார் நாற்றங்காலின் ஒரு மூலையில் விட்டிருந்தான். நாற்று முற்றப் போகிறதே என்று அந்த மூலையை மட்டும்தான் அவள் பறித்திருக்கிறாள். அம்சம் சத்தம் போட்டதும் பயந்து பாதியில் விட்டுவிட்டாள்.

“அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் அம்சம்.

“நீ கேட்டியா? நேரா ஐயா வீட்டுக்குல்ல ஓடின.”

அம்சம் காபி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

“எல்லார் பொழைப்பும் போயிடுமோன்னு பயம்டி எனக்கு,” என்றாள் கடைசியில். “மிச்சம் எவ்வளவு கெடக்கு? நாளைக்கு நாங்களும் வர்றோம். முத்தினாலும் பரவால்ல, வீரையன் வயல்ல நட்டுடுவோம். அப்புறம் நீ எங்களோடயே வா.”

செவ்வந்தி அழுதாள். பழக்கதோஷம், ஜெபிக்க எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து, அவளைச் செய்யச் சொன்னேன். நீளமான ஜெபம். என்னைப் பற்றியும் கர்த்தரிடம் சொன்னாள். நல்லதாக மட்டும் சொல்லவில்லை.

ஆமென் என்றேன்.