நான் குடியிருக்காத நாலு-சி

மார்ச் 3, செவ்வாய்

துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு முடிந்தது. அறுபத்து நான்கு பக்கம். அதில் பதினொன்று, இயந்திரத்துக்குள் பூனையைப் போடக் கூடாது என்பதன் பல்வேறு வடிவங்கள். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழில். கம்பெனிகள் அனுப்புவதைத் தமிழில் எழுதுகிறேன். அச்சாகிறது, மடித்துப் பெட்டியில் வைக்கிறார்கள், வாங்கியவர் அதை ஆடும் மேஜைக் காலுக்கு அடியில் வைக்கிறார். இவ்வளவு அச்சாகி இவ்வளவு படிக்கப்படாத ஆள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். கவிஞர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காலையில் போனில், அடுக்குமாடிக் குடியிருப்புக் குழுவில், முதல் மாடித் தையல்காரர்: "நாலு-சி சார், மோட்டார் ஓடுது, தண்ணி மட்டும் ஏறல. என்ன பண்றது?" குழாய்க்குள் காற்று அடைத்திருக்கும், பக்கவாட்டுத் திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள் என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில்: "வந்திடுச்சு சார்! நூறு வருஷம் நல்லா இருங்க!"

அந்தக் கட்டடத்தை நான் பார்த்ததே இல்லை. நான் சாரும் இல்லை.

மார்ச் 4, புதன்

நேற்று எழுதியதைப் படித்தால் ஏதோ மோசடிக்காரியின் வாக்குமூலம் போல இருக்கிறது. பின்னால் நானே குழம்பாமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், எங்கோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுவில் என் எண்ணைச் சேர்த்தார்கள். "நாலு-சிக்கு நல்வரவு" என்றார் செயலாளர். நாலு-சி வீட்டுக்காரரின் எண்ணுக்குப் பதில் தவறிப் போட்ட எண். வெளியேறும் பொத்தான் மேல் விரலும் வைத்துவிட்டேன். அந்த நொடியில் மூன்றாவது மாடி நர்ஸ் கேட்டார்: "வாஷிங் மெஷின்ல ஏதோ ஈ-நாலுன்னு காட்டுது, யாருக்காவது தெரியுமா?" அந்தப் பக்கத்தை நான் முந்தைய வாரம்தான் எழுதியிருந்தேன்! வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள் என்றேன். கழுவினார். ஓடியது. பதினான்கு கும்பிடும் கைகள் வந்தன. பத்தொன்பது வருட எழுத்துலக வாழ்க்கையில் முதல் வாசகர் கடிதம். எப்படி வெளியேறுவது?

என் முகப்படம் ஒரு தண்ணீர் மோட்டாரின் வரைபடம். மோட்டார் தெரிந்தவருக்கு மீசை இருக்கும் என்று அவர்களாகவே முடிவு கட்டினார்கள். கூட்டங்களுக்கு வராததற்கும் அவர்களே காரணம் கண்டுபிடித்தார்கள்: "சாருக்கு நைட் ஷிப்ட். பகல்ல தூங்குவாரு, யாரும் கதவைத் தட்டாதீங்க." நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் கட்டைவிரலைக் காட்டினேன், அவ்வளவுதான். அதுவும் பொய்தான் என்பது தெரியாத அளவுக்கு நான் படிக்காதவள் இல்லை.

மார்ச் 9, திங்கள்

காய்ச்சல். வெப்பமானிக்கு நான் எழுதிய கையேடு அலமாரியில் இருக்கிறது. வெப்பமானி எங்கே என்று தெரியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

சமையலறை வரை போய்த் திரும்ப இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. மகள் கூப்பிட்டாள். நல்லாத்தான் இருக்கேன் என்றேன். விமானத்தில் பதினாலு மணி நேரம் தள்ளி இருக்கிறவளுக்குக் காய்ச்சலை ஏன் அனுப்ப வேண்டும்? போனை வைத்த பிறகு கொஞ்சம் பயமாக இருந்தது. இந்தக் கட்டடத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். எதிர்வீட்டுக்காரரின் செருப்பு அளவு தெரியும், முகம் தெரியாது. குற்றம் அவருடையது மட்டுமில்லை.

மார்ச் 12, வியாழன்

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. போனைத் திறந்தேன். குழுவில் தொண்ணூற்று ஏழு செய்திகள்.  

நேற்றுக் காலை நர்ஸ் ஆரம்பித்திருக்கிறார்: "நாலு-சி சார் ரெண்டு நாளா பேசலையே?"

தையல்காரர்: "வேலை அதிகமா இருக்கும்."

நர்ஸ்: "தண்ணி வரலன்னு மூணு பேர் கேட்டாச்சு. பதில் இல்ல. அவரு அப்படி விடுற ஆள் கிடையாது."

செயலாளர்: "மூணு வருஷத்துல மொத தடவையா தட்டப் போறோம். மெதுவா தட்டுங்க."

தையல்காரர் சூப்பு வாங்கிக்கொண்டு மாடி ஏறியிருக்கிறார். அங்கிருந்தே தட்டச்சு செய்திருக்கிறார்:

"கதவைத் திறந்தாரு. ஆளு கல்லு மாதிரி இருக்காரு."

"உடம்பு எப்படி சார்னு கேட்டேன். அதுக்கென்னன்னாரு."

"குரூப்ல காணோமேன்னேன். எந்த குரூப்புன்னாரு."

நர்ஸ்: "எந்த குரூப்பா?!"

"மோட்டார் பத்திக் கேட்டேன். எனக்கு அடுப்பு மட்டும்தான் தெரியும்னாரு. பேக்கரில வேலையாம். விடியறதுக்கு முன்னாடி போயிடுவாராம்."

பிறகு நாற்பது செய்திகள், அத்தனையும் கேள்விக்குறி. கடைசியில் செயலாளர்: "இந்த நம்பர் வச்சிருக்கறவங்க யாரு? உடனே சொல்லுங்க."

அதற்குக் கீழே நேற்றிலிருந்து ஒன்றுமில்லை. எனக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் என்னைக் காட்டிக் கொடுத்தது அவர்களின் அக்கறைதான். நான் எப்படிப் போனால் என்ன என்று அவர்கள் இருந்திருந்தால் இன்னும் பத்து வருடம் நாலு-சியாக இருந்திருப்பேன்.

அதே நாள், மாலை

எழுதினேன், அழித்தேன். கையேட்டு நடையில் மன்னிப்புக் கேட்க முடியாது போலிருக்கிறது — 'முதலில் மின் இணைப்பைத் துண்டிக்கவும்' என்றே வருகிறது. கடைசியில் முதல் தடவையாகக் குரலில் அனுப்பினேன். என்ன சொன்னேன்? ஏறக்குறைய இது:

"நான் நாலு-சி இல்லீங்க. சாரும் இல்ல. தப்பா சேத்துட்டீங்க, நானும் போகாம இருந்துட்டேன். தனியா இருக்கேன். நீங்க கேள்வி கேக்கறப்ப பதில் சொல்றது எனக்கு… நல்லா இருந்துச்சு. காய்ச்சல்ல கெடந்தேன், அதான் பேசல. மன்னிச்சிடுங்க. மோட்டாருக்கு அந்தத் திருகை மாசம் ஒரு தடவ தொறந்து விடுங்க."

கடைசி வாக்கியம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

நான்கு நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள். செயலாளர் செய்தது சரி. எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் போகும், எந்த வீடு எப்போது பூட்டியிருக்கும், எல்லாம் அந்தக் குழுவில் இருக்கிறது. நான் அவராக இருந்தால் மூன்றாவது நிமிடத்திலேயே நீக்கியிருப்பேன்.

மார்ச் 13, வெள்ளி

அவர்களுக்குத் தண்ணீர் ஏறியதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

மார்ச் 14, சனி

தெரியாத எண். எடுத்தேன்.

"நான் மூணாவது மாடி. நர்ஸ். காய்ச்சல் விட்டுச்சா?"

மன்னிப்பை மறுபடி ஆரம்பித்தேன்.

"அக்கா, திட்டறதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். மொதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. காய்ச்சல் எத்தனை? தண்ணி எவ்வளவு குடிச்சீங்க? எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னேன். இரண்டு பஸ் மாறி வந்தார். வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மீசை எங்க?"

அப்போதுதான் அழுதேன். சிரிப்பில் ஆரம்பித்ததால் கணக்கில் சேராது.

வெப்பமானியைக் கண்டுபிடித்தது அவர்தான்: கையேட்டுக்குப் பின்னால் இருந்தது. ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்றார். "பாக்கலாம்" என்றேன். "பாக்கலாம்லாம் கிடையாது, அடுத்த வாரம் போறீங்க. என்னைக்குன்னு எனக்கு எழுதுங்க" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு முழு ரொட்டியை எடுத்தார். இன்னும் சூடு இருந்தது.

"நாலு-சி குடுத்தாரு. நெஜ நாலு-சி."

அந்த பேக்கரிக்காரரின் கதையை ரொட்டி தின்றுகொண்டே கேட்டேன். மூன்று வருடமாக மாடிப்படியில் அவரைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கும்பிட்டிருக்கிறார்கள். தையல்காரர் அவருக்குச் சும்மாவே சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறார். செயலாளரின் மனைவி பிறந்த குழந்தையைத் தூக்கி வந்து ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறார். ஏன் என்று அவர் கேட்டதே இல்லையாம். நர்ஸிடம் சொல்லியிருக்கிறார்: "இந்த பில்டிங்ல எல்லாருமே தங்கமானவங்கன்னு நெனச்சுட்டேம்மா. அதனால நானும் கொஞ்சம் நல்லவனா நடந்துக்கிட்டேன்."

நான் தட்டச்சு செய்தேன், அவர் நன்றி வாங்கினார். நாலு-சி என்ற ஒரு மனிதரை நடத்த இரண்டு பேர் தேவைப்பட்டிருக்கிறது. ஒருவருக்கொருவர் தெரியாமலே ஒழுங்காகத்தான் நடத்தியிருக்கிறோம்.

மார்ச் 17, செவ்வாய்

நேற்று அந்தக் கட்டடத்தில் என்னைப் பற்றிக் கூட்டம். நர்ஸ் போனில் சொன்னார். இரண்டாவது மாடி வக்கீல், குடியிருக்காதவரைச் சேர்க்க விதியில் இடமில்லை என்றாராம். நியாயம். "விதில தண்ணி ஏறுமா?" என்றாராம் தையல்காரர். அதுவும் நியாயம்.

முறைப்படி நாலு-சிக்கு உரிய இடம் பேக்கரிக்காரருடையது. அவரைச் சேர்க்கச் செயலாளர் எண் கேட்டாராம். பேக்கரிக்காரர் கொடுக்க மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக எழுதிக் கொடுத்த சீட்டின் படம் எனக்கும் வந்தது:

"எனக்குக் குழு வேண்டாம். மூன்று வருடம் அது இல்லாமலே மரியாதையாக இருந்தேன். என் இடத்தில் அந்த அம்மாவே இருக்கட்டும். குழுவில் எனக்கு ஏதாவது அவசரச் செய்தி வந்தால் அவர் என்னிடம் சொல்வார்."

வக்கீல் அந்தச் சீட்டில் தேதி இல்லை என்று மட்டும் சொன்னாராம். தேதி போட்டார்கள்.

இன்று காலை ஏழு மணிக்குச் சேர்த்தார்கள். "நாலு-சி அக்காவுக்கு நல்வரவு" என்றார் செயலாளர். அடுத்த செய்தி தையல்காரருடையது: "அக்கா, இஸ்திரிப் பெட்டி புகை விடுது."

மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னேன்.

மனிதர்களைப் போன் திரை பிரித்துவிட்டது என்று நானே நண்பர்களிடம் நீளமாகப் பேசியிருக்கிறேன், மேற்கோள்களோடு. அதையெல்லாம் முழுதாக வாபஸ் வாங்கவில்லை. எதிர்வீட்டுச் செருப்பு இன்னும் வெறும் செருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் இரண்டு நாள் பேசாமல் இருந்ததை ஒரு கட்டடம் முழுக்கக் கவனித்தது. எனக்கு அது போதும். போதும் என்பதற்கு மேலேயே இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

நர்ஸின் தொந்தரவு தாங்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் படிவத்தை நிரப்பினாள். பெயர், வயது, முகவரி.

"அவசரம்னா யாரைக் கூப்பிடணும்?"

இந்தக் கட்டத்தில் வழக்கமாகக் கோடு போட்டுவிடுவேன். மகளின் எண்ணைக் கொடுத்து என்ன பயன், அவள் விமானம் பிடிப்பதற்குள் அவசரம் முடிந்துவிடும். இன்று நர்ஸின் எண்ணைச் சொன்னேன். பார்க்காமலே சொல்ல வந்தது.

"உறவு?"

"பக்கத்து வீடு."

அந்த நர்ஸின் முகவரியையும் கேட்டு எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "மேடம், இது உங்க ஏரியாவே இல்லையே? ரெண்டு பஸ் மாறணும்."

"ஆமாம்மா," என்றேன். "பக்கத்து வீடுன்னே போடுங்க."

போட்டாள்.