ஒட்டகம் பேசியிருக்க வேண்டாம்

திருப்பூர்
ஞாயிறு மதியம்

அன்பு மகள் சத்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டுக்கும் சுகம்தான். மும்பையில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி, தெம்பாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். நீ அழ ஆரம்பித்தால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது, நான் சத்தம் போட்டுவிடுகிறேன், நீ வைத்துவிடுகிறாய். போன வாரம் இரண்டு தடவை அப்படித்தான் ஆனது. கம்பெனியில் இந்த மாதம் முழுக்க ஒன்றரை ஷிப்ட். செக்கிங் டேபிளில் நின்று நின்று கால் வீங்கிக் கிடக்கிறது. ஓட்டை இருக்கிறதா கறை இருக்கிறதா என்று பனியனைப் பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினாலும் துணிதான் தெரிகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை குறையவில்லை. வீட்டு டீயில் சர்க்கரையை நிறுத்தினேன், அவர் டீக்கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிறார். இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான்.

நீ வேலை செய்த கார்ட்டூன் படத்தைப் போன ஞாயிறு பார்த்துவிட்டோம். "எல்லாரும் திட்டறாங்கம்மா, நீ பார்த்துட்டு உண்மையைச் சொல்லு" என்று கேட்டிருந்தாய். நான், அப்பா, என்னோடு டேபிளில் நிற்கும் குழந்தையம்மாள், அவள் மகள் அக்ஷரா, அப்புறம் நம் தெரு பால்வாடி பிரிசில்லா டீச்சர், இத்தனை பேரும் போனோம். டீச்சர், படத்துக்கு மூலக்கதையான அந்தப் பழைய 'நாலாம் தெரு ஒட்டகம்' புத்தகத்தை ஒரு துணிப்பையில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஏதோ கல்யாணத்துக்குப் போவது போல நல்ல சேலை கட்டியிருந்தார். பதினாறே பக்கம், எங்கிருந்தோ ஒரு ஒட்டகம் தெருவுக்கு வரும், தெருவே தண்ணீர் ஊற்றும், ஒருநாள் அது போய்விடும், அவ்வளவுதான் கதை என்று பஸ்ஸிலேயே குழந்தையம்மாளுக்குச் சொல்லிவிட்டார். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே ஒட்டகம் வாயைத் திறந்து பேச ஆரம்பித்தது. டீச்சர் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார் பார், என்னவோ நான்தான் அதைப் பேச வைத்த மாதிரி. அப்புறம் பாட்டு, ஒட்டகத்தைத் திருட வரும் மீசைக்காரன், லாரியில் துரத்தல் எல்லாம் வந்தது. அப்பா பாதியில் தூங்கிவிட்டார். அக்ஷரா ஒட்டகம் தும்மும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தாள், மீசைக்காரனைக் கண்டால் சீட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பின்சீட்டில் ஒரு சின்ன வயசு ஜோடி, புத்தகத்தில் இப்படி இல்லையே, நாசம் பண்ணிவிட்டார்களே என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒட்டகம் பாலைவனத்தில் தன் அம்மாவிடம் போய்ச் சேர்ந்ததும் பாதித் தியேட்டர் கை தட்டியது.

வெளியே வந்ததும் குழந்தையம்மாள், "எனக்குப் புடிச்சிருக்குதுங்க்கா, ஒட்டகம் வாயே தொறக்கலீன்னா ரெண்டு மணி நேரம் எப்படி உக்காந்து பாக்கறது" என்றாள். அதுவும் நியாயம்தான். டீச்சர்தான் மனசு விட்டுப்போய் நின்றார். "கடைசிப் பக்கத்துல எழுத்தே இருக்காதுங்க அமராவதி, வெறும் தெருதான் இருக்கும். அது எங்க போச்சுன்னு புள்ளைங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. இப்ப எல்லாத்துக்கும் ஒரே பதிலாக் குடுத்துப்போட்டாங்க" என்றார். எனக்கும் உண்மையில் அந்த ஒட்டகம் பேசியிருக்க வேண்டாம் என்றுதான் பட்டது கண்ணு. ஆனால் நீ வரைந்த தெரு வரும்போதெல்லாம் நான் கண் சிமிட்டவில்லை. நம் லைன் வீட்டுக் குழாயடி, சிமென்ட் தொட்டி, மத்தியான வெயிலில் கொடியில் தொங்கும் துணி, எல்லாம் அப்படியே இருந்தது. அந்தத் தெருவில் ஒரு குறையும் இல்லை.

இதோடு நிறுத்தினால் நல்லது, ஆனால் உண்மையைக் கேட்டிருக்கிறாயே. தியேட்டர் வாசலிலேயே குழந்தையம்மாள் போனில் உன் பேட்டியைச் சத்தமாக வைத்துக் காட்டினாள். "தினமும் ராத்திரி எங்கம்மா மடியில படுக்க வெச்சு இந்தப் புக்கைப் படிச்சுக் காட்டுவாங்க" என்று நீ சொல்கிறாய். டீச்சர் பக்கத்திலேயே நின்றிருந்தார். புத்தகத்தைப் பைக்குள் தள்ளிவிட்டுப் பஸ் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார். திங்கட்கிழமை சூப்பர்வைசர் ராஜ்கமல் அந்த வீடியோவை எல்லோருக்கும் காட்டி, டீ நேரத்தில் என்னை நடுவில் நிறுத்தி மற்றவர்களைக் கைதட்ட வைத்தார். நானும் நின்றேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்றரை ஷிப்ட் நின்றதைவிட அந்த ஒரு நிமிஷம் நின்றதுதான் என்னை ஓய்த்துப் போட்டது.

நான் ஒருநாளும் உனக்கு அந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டியதில்லை. அட்டையைத் தவிர நான் அதில் எதையும் பார்த்ததுகூட இல்லை. நானும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவோம். பால்வாடி மூன்று மணிக்கு முடிந்ததும் டீச்சர் உன்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், சோறு ஊட்டி, படித்துக் காட்டித் தூங்க வைத்திருப்பார். ராத்திரி நான் வந்து தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவேன். நீ என்னைக் குத்திக் காட்டத்தான் ஊரறிய இப்படிச் சொன்னாயோ என்று மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன்.

வியாழக்கிழமை கம்பெனியில் கரண்ட் இல்லாமல் மத்தியானமே விட்டுவிட்டார்கள். நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். புள்ள தப்பாகச் சொல்லிவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் டீச்சர் என்றேன். அவர் கையை நிறுத்தாமலே சொன்னார். "வருத்தம் இல்லீன்னா பொய்யிங்க. ஆனா புள்ளமேல தப்பில்லீங்க. நான் படிச்சு முடிச்சதும், எங்கம்மாவும் இதைப் படிப்பாங்களான்னு தினமும் கேப்பா. ஊட்டுக்குப் போனதும் அம்மா மடியில போட்டுப் படிப்பாங்க கண்ணு, நீ கண்ணை மூடுன்னு நாந்தான் சொல்லித் தூங்க வெப்பேன். அது அவளுக்கு நடந்ததாவே நின்னுபோச்சுங்க." கூட உட்கார்ந்து கொஞ்சம் கடலை உரித்தேன்.

நீ தெரிந்து சொன்னாயா, நிஜமென்று நம்பித்தான் சொன்னாயா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் உன்னைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இன்னொரு இடத்தில் உன்னைப் பேசக் கூப்பிட்டால் டீச்சர் பெயரைச் சொல். நானும் நாளை டீ நேரத்தில் ராஜ்கமலிடமும் மற்றவர்களிடமும் உள்ளதைச் சொல்லப் போகிறேன், கைதட்டினவர்கள் என்ன நினைத்தாலும் சரி. வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாயாம், அப்பா சொன்னார். விடாதே. திட்டுகிறவர்கள் அந்தப் புத்தகத்தின் மேல் உயிராக இருந்தவர்கள், டீச்சர் மாதிரி. அவர்கள் கோபத்தைக் கொஞ்ச நாள் தாங்கிக்கொள். அத்தனை பேர் சேர்ந்து செய்த படத்தில் உன் கைக்கு வந்தது தெரு. அதை நீ சரியாகச் செய்திருக்கிறாய்.

அந்த வியாழக்கிழமை நான் கிளம்பும்போது டீச்சர் உள்ளே போய் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படித்தேன். எழுத்தில்லாத கடைசிப் பக்கத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை கண்ணு.

உடம்பைப் பார்த்துக்கொள், தலைக்கு எண்ணெய் வை. அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்து பதினோரு மணிக்கு மேல் டீச்சர் வீட்டில்தான் இருப்பார், மறக்காமல் அவருக்குப் போன் செய். முருகன் உன்னைக் கைவிடமாட்டான். அப்பாவும் நல்லா இரு என்று சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அம்மா
அமராவதி