மீனெண்ணெய் பூசிய கேக் பலகை

அக்கா,

இன்று காலை மழை பிடித்ததும் உன் பலகை நாற ஆரம்பித்துவிட்டது. அடுப்படி மேல்தட்டில், இட்லிக் குண்டானுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். வெயில் காலம் முழுக்கச் சாதுவாக இருக்கும். கொஞ்சம் ஈரக்காற்று பட்டால் போதும், காசிமேட்டுக் கரையில் ஏற்றிப் போட்ட படகு போல மணக்கத் தொடங்கிவிடும். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்றபடியே மூக்கை உறிஞ்சி, "இன்னா, உங்க வூட்டு மூத்த மருமக வந்துட்டா போல" என்று சிரித்தாள். செத்த பிறகும் நாற்றத்தால் நல்ல பெயர் வாங்குகிறவள் இந்த ராயபுரத்திலேயே நீ ஒருத்திதான்.

எனக்கு உன்மேல் பொறாமை. நீ இருந்தபோதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அண்ணன் தம்பியை நாம் கட்டிக்கொண்டோம். எனக்கு முன்னால் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாய் என்பதால் நீ மூத்தவள். அதில் உன் சாமர்த்தியம் என்ன இருக்கிறது? ஆனால் நம் வீட்டில் மூத்த மருமகளுக்குத்தான் எல்லாம். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்ததும் கேக்கைக் கூடத்துக்கு எடுத்துவருவது அவள். மாமியார் வாயில் முதல் துண்டை ஊட்டுவதும் அவள். அந்தக் கேக்கைச் செய்கிறவள் நான். முந்திரி நறுக்கி, சர்க்கரையைக் கருக்கி, அடுப்புப் பக்கத்திலேயே காவல் காத்து நான் செய்வேன். நீ புடவையை மாற்றிக்கொண்டு வந்து தூக்கிக்கொண்டு போவாய்.

பலகை ஆசை உனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைவிருக்கிறதா? யாரோ ஒரு ஹோட்டலில் மரப்பலகையில் கேக் வைத்துப் பரிமாறியதை உன் போனில் காட்டினாய். நம்ம வூட்ல இல்லாத கட்டையா என்று கேட்டாய். அப்போது நம் படகு பழுது பார்க்கக் கரையேறியிருந்தது. பக்கவாட்டில் கழற்றிப் போட்டிருந்த ஒரு பலகைத் துண்டை, ஷேர் ஆட்டோக்காரர் முணுமுணுத்தும் கேட்காமல், மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். மொட்டை மாடியில் இரண்டு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் பலகையை வைத்தாய். ஒரு முனையில் என்னை உட்காரவைத்தாய்.

"அசையாம குந்துடி. நீ ஆடுனா ரம்பம் கோணிக்கும்."

நானும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அறுத்து முடித்துவிட்டு உன் வேலை ஆயிற்று என்று போய்ப் படுத்துக்கொண்டாய். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது யார்? நான். மூலைகளை மழுக்கியது, சிராய் இல்லாமல் கையால் தடவித் தடவிப் பார்த்தது, எல்லாம் நான். ஆணி கழற்றிய ஓட்டை ஒன்று ஓரத்தில் இருந்தது. அதை அடைக்கலாம் என்றேன். நீ தூக்கம் கலைந்து வந்து, அதில் வலைக்கயிறு ஒரு துண்டைக் கோர்த்து மாட்டினாய். அன்றிலிருந்து பார்த்தவர்கள் எல்லாரும் அந்தக் கயிற்றைத்தான் மெச்சினார்கள். நான் தேய்த்த வழவழப்பை ஒருத்தரும் தொட்டுப் பார்க்கவில்லை.

அப்புறம் எண்ணெய். மரத்துக்கு எண்ணெய் பூச வேண்டும் என்பதுவரை உனக்குத் தெரியும். என்ன எண்ணெய் என்பதில்தான் கோட்டை விட்டாய். தேங்காய் எண்ணெய் போதும் என்று நான் சொன்னேன். நீயோ படகுக்கு அடித்த மீனெண்ணெயில் மிச்சம் இருந்ததை வாளியோடு தூக்கி வந்தாய்.

"உப்புத் தண்ணியில கெடக்குற படகுக்கே ஒத்துக்கிது. ஒரு கேக்குக்கு ஒத்துக்காதா?"

படகுக்காரர் வீட்டுப் பெண்ணைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. காயவைத்தபோது நம் மூக்குக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வாசனையிலேயே கிடந்த மூக்கு அல்லவா. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் நம் கோயில் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். நீ பலகையில் கேக்கை வைத்து நீட்டினாய். அவர் ஒரு வாய் கடித்தார், நிறுத்தினார், மெல்ல விழுங்கினார். பிறகு மிகவும் மரியாதையாக, "இது வஞ்சிரமாம்மா?" என்று கேட்டார்.

மாமியார் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. என் குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "என் மூத்தவ கை பட்டா கேக்குகூட மீனாயிடும்" என்று தெருவெல்லாம் சொன்னார். என் கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம். உனக்கோ குற்றமே குணமாகிவிட்டது. பாழானது என் கேக் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நீ புளி போட்டுத் தேய்த்தாய், எலுமிச்சை போட்டுத் தேய்த்தாய், வாடை முழுக்கப் போகவில்லை. போகாததும் உனக்கு நல்லதாகவே முடிந்தது. ஒவ்வொரு வருஷமும் பலகை கூடத்துக்கு வந்ததும் எல்லாரும் வரிசையாக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கேக்கைத் தொடுவார்கள்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ திரும்பி வரவில்லை. உன்னைக் கொண்டுபோன அன்று தெருவே பின்னால் வந்தது. அழுதுகொண்டே நடந்தேன், எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்றும் நினைத்துக்கொண்டேன். மறைக்க என்ன இருக்கிறது, உன்னிடம்தானே சொல்கிறேன்.

இந்த வருஷம் கேக்கை எடுத்துப் போக வேண்டியவள் நான். உன் பலகையில் எடுத்துப் போவதில்லை என்று முடிவு செய்தேன். எனக்கென்று ஒரு பலகை, மாமியார் வாயால் அதற்கு ஒரு நல்ல வார்த்தை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. வாசல் கதவை மாற்றிய ஆசாரி விட்டுப்போன தேக்குத் துண்டை மாடிக்கு எடுத்துப் போனேன். அதே ஸ்டூல்கள், அதே ரம்பம். மறுமுனையில் உட்காரத்தான் ஆளில்லை. நிறைந்த கேஸ் சிலிண்டர் ஒன்றை முக்கி முனகிப் படியேற்றி அங்கே வைத்தேன். அப்படியும் கோணிக்கொண்டுதான் அறுபட்டது. சிலிண்டரைப் பார்த்து, அசையாம குந்துடி என்று சொல்லிவிட்டேன்.

கோணலை உப்புத்தாளால் சரி செய்தேன். தேங்காய் எண்ணெயைப் பூசித் துணியால் துடைத்தேன். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது, அக்கா. உன்னுடையது எந்தக் காலத்திலும் அப்படி இருந்ததில்லை.

பூசை முடிந்து வந்ததும் என் கேக்கை என் பலகையில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் பழக்கத்தில் குனிந்து முகர்ந்தார்கள். ஒன்றுமில்லை என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார் மட்டும் பலகையின் ஓரத்தை விரலால் நீளத் தடவினார். நான் ஊட்டிய முதல் துண்டை மென்று விழுங்கினார்.

"ஷோக்கா கீதுடி. அவளுத வுட உன்னுதுதான் நல்லா கீது."

வந்துவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. யாரிடம் காட்டுவது என்று திரும்பினேன். நீ வழக்கமாக நிற்கும் கதவோரம் காலியாக இருந்தது. எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இதைக் கேட்டு உன் முகம் ஒரு நிமிஷமாவது சுருங்க வேண்டாமா?

மாமியார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"அந்தப் பலகையில வெச்சு ஒரு துண்டு வெட்டினு வாடி. இது கேக்கு மாதிரியே கீது."

அடுப்படிக்குப் போய் உன் பலகையை இறக்கினேன். அதன்மேல் கேக்கை வைத்து, வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தி, ஒரு துண்டு வெட்டினேன். கொண்டுபோகும் முன் ஓரத்தில் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். நாறியது. எனக்கும் ஒரு துண்டு அதிலேயே வெட்டிக்கொண்டேன்.