முழங்காலுக்குள் இரண்டு பிறைகள்

அன்புக் கண்ணு கீதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், என் வலது முழங்கால் ஒன்றைத் தவிர, சௌக்கியம். அங்கே மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்னதும் சுகம்தானே? போனில் சொன்னால் இரண்டு பேரும் அழுது வைப்போம், அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடு.

போன வாரம் வள்ளிக்கும்மிப் பயிற்சியில் பாட்டு வேகமெடுத்ததும் குனிந்து திரும்பினேன், உடம்பு திரும்பியது, பாதம் மட்டும் ஊன்றிய இடத்திலேயே நின்றுவிட்டது, உள்ளே மளுக்கென்று ஒரு சத்தம். சொல்லிக்கொடுக்கும் பாலுசாமி, "சுளுக்குத்தானுங்க அக்கா, ஒத்தடம் குடுத்தாச் செரியாப் போயிருமுங்க" என்றார். விடிந்து பார்த்தால் காலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. அப்பா கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார், ஸ்கேனில் மூட்டு ஜவ்வு கிழிந்திருப்பது தெரிந்தது.

டாக்டரம்மா படத்தைக் காட்டி விளக்கினார் பார், அப்படியே அசந்துபோனேன். தொடை எலும்பின் முனை உருண்டை, கீழே இருக்கும் எலும்பின் தலை தட்டை, ஒன்றின்மேல் ஒன்று எப்படி நிற்கும்? நடுவே பிறை மாதிரி இரண்டு ஜவ்வு, உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. ஓரத்தில் தடித்து, நடுவுக்கு வர வரத் தாளாக மெலிந்து, உருண்டை நழுவாமல் உட்காரக் குழியாக நிற்கின்றன. பாரத்தை ஒரே இடத்தில் இறங்க விடாமல் பரப்பிவிடுகின்றன, காலை மடக்கினால் தாங்களும் கொஞ்சம் பின்னே நகர்ந்து இடம் விடுகின்றன. உன்னை இடுப்பில் வைத்து நான் நடந்ததெல்லாம் இவை தாங்கித்தான், இத்தனை வயசு வரை பேர்கூடத் தெரியாது எனக்கு. உன் அப்பா மட்டும், "ஏனுங்க டாக்டரு, இத்தனூண்டு ஜவ்வுங்களா இத்தன நாளா இவளத் தாங்குச்சு?" என்று மானத்தை வாங்கினார்.

கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தால் சீக்கிரம் நடமாடலாம், உன் பிரசவத்துக்கும் வந்துவிடலாம், ஆனால் நாளாக ஆக மூட்டு தேய்ந்துவிடுமாம். தைத்தால் ஜவ்வு பிழைக்கும், ஆனால் பல வாரம் ஊன்றுகோல், இப்போதைக்கு விமானம் கிடையாது. ரத்தம் ஓடுவது ஜவ்வின் வெளியோரத்தில் மட்டும்தான், எனக்குக் கிழிந்ததும் அங்கேதான், அதனால் தைத்தால் சேர வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டரம்மா. வெட்டிவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், அதற்குள் ஏன் ஓரத்தில் மட்டும் என்று கேட்டுவிட்டேன். கருவில் இருக்கும்போது ஜவ்வு முழுக்க ரத்தம் ஓடுமாம் கண்ணு. பிறந்து, எழுந்து, நடந்து, பாரம் ஏற ஏற உள்பக்கத்திலிருந்து ரத்தம் மெல்ல ஓரத்துக்கு ஒதுங்கிக்கொள்ளுமாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உன் வயிற்றில் இருப்பதற்கு இந்நேரம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்.

தைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். தலைப்பிரசவத்துக்குப் பெற்றவள் பக்கத்தில் இல்லையா என்று ஊர் கேட்கும், என் மனசே கேட்டுக்கொண்டிருக்கிறது. சம்பந்தியம்மா ரங்கநாயகி தான் வருவதாகச் சொல்லிவிட்டார், அவர் கை பட்டால் எல்லாம் நல்லபடி நடக்கும். ஆனால் உன் குழந்தை எழுந்து நின்று முதல் எட்டு வைக்கும்போது பின்னாலேயே குனிந்து ஓட நான் வேண்டும், அதற்குத்தான் இந்தக் கால்.

மருதமலையான் உங்களை இரண்டு உயிராக நல்லபடி பிரித்துத் தரட்டும். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே. கோபம் வந்தால் கூப்பிட்டுத் திட்டிவிடு அம்மணி, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் வரவுக்கும் குரலுக்கும் ஏங்கும் அம்மா,
சாந்தாமணி
தொண்டாமுத்தூர்