உன் அண்ணி படுத்துப் பார்த்த அறைகள்

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே, பிள்ளைக்குச் சளி விட்டதா? போனில் பேசாமல் அம்மா ஏன் பேனாவைப் பிடித்தாள் என்று நினைப்பாய். எனக்குக் காது மந்தம், நீ பேசுவதைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்துத்தான் கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ, வீட்டை வித்துட்டு என்கூட வந்துடும்மா, அண்ணியை அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடு, அந்த ஊர்ல இனி என்ன இருக்கு என்று சொன்னாயே, அப்போது அவள் அடுப்படி வாசலில்தான் நின்றாள். மறுநாள் காலையில், பின்கட்டு வேலையை முடிச்சிட்டுப் போறேன் அத்தை, பாதியில விட்டா அவருக்குப் பிடிக்காது என்று மட்டும் சொன்னாள். உன் மேல் குற்றம் சொல்லவில்லை, நீ என்னை நினைத்துத்தான் சொன்னாய். இங்கே நடப்பது உனக்குத் தெரியாது, அதுதான் எழுதுகிறேன்.

நீ கடைசியாக வந்தபோது இது சாவு வீடு, எதைப் பார்த்திருப்பாய். பெரிய ரோட்டில் காய்கறி பதப்படுத்தும் ஆலை திறந்து இரண்டு ஷிப்டு ஓடுகிறது. ஆஸ்பத்திரியில் புதிதாக நர்சுகள் போட்டிருக்கிறார்கள். ஆனால் வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து போகிறார்கள், தங்க வாடகைக்கு வீடு கிடையாது. நம் தெருவில் மட்டும் பதினோரு வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆளுக்கு வீடில்லை, வீட்டுக்கு ஆளில்லை, நல்ல கூத்து. இதை முதலில் யோசித்தவன் உன் அண்ணன்தான். வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்களிடம் போனில் கேட்டு, ஒழுக்கை அடைத்து, வாடகைக்கு விடலாம் என்று தொடங்கினான். முதல் வீட்டு ஏணியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவேயில்லை. எட்டு மாதம் ஆகிறது, இன்னும் ஏணியைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அவனோடு சித்தாளாகப் போனவள் ஒரு மாதம் கழித்து அவன் பூச்சுக் கரண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு அதே ஏணியில் ஏறினாள். எனக்கு அந்தத் தைரியம் ஏழு பிறவிக்கும் வராது.

அவளுக்கு ஒரு வழக்கம். சரிசெய்த அறையில் மழை நாளில் தானே பாயைப் போட்டுப் படுத்துப் பார்க்காமல் யாருக்கும் சாவி தரமாட்டாள். ஒரு தடவை மழையே வரவில்லை. குழாயை இழுத்து ஓட்டின் மேல் தண்ணீரைப் பீய்ச்சச் சொல்லிவிட்டு உள்ளே டார்ச்சோடு படுத்துக்கொண்டாள். மளிகைக்கடைக்காரர் பார்த்துவிட்டு, ஏம்மா, வீட்டுக்கு எண்ணெய் தேய்ச்சியா, சும்மா குளிப்பாட்டுறியா என்றார். அவள் உள்ளே இருந்தபடியே, உங்க கடையையும் கொண்டாங்க அண்ணே, சேர்த்துக் குளிப்பாட்டுறேன் என்றாள். உன் அண்ணன் போன பிறகு நான் முதல் தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்ததும் அழுகை வந்துவிட்டது, அது வேறு. இப்போது மூன்று வீட்டில் ஆள் குடிவந்து விளக்கு எரிகிறது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்ததால் பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு நின்றிருக்கிறது. எல்லாம் பொன்னாகிவிட்டது என்று புளுகமாட்டேன், சாக்கடை பழையபடி வழிகிறது, தண்ணீர் ஒன்று விட்டு ஒரு நாள்தான்.

போன மாதம் கணக்கெடுக்கிற அம்மா ஒருத்தி வந்தாள். மாவட்டத்தில் சனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதுகிறார்களாம். எத்தனை அறை, எத்தனை விளக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தவள் வீட்டில் எத்தனை பேர் என்றாள். நான் பாட்டுக்கு மூன்று என்றுவிட்டேன். மூன்றாவது ஆள் என்ன வேலை என்று கேட்டாள். உன் அண்ணி கையில் சிமெண்டோடு வந்து, ரெண்டு பேருன்னு எழுதிக்குங்க, அவர் வேலையை இப்ப நான் பாக்குறேன் என்றாள். இன்னும் ஐந்து வருடத்தில் இந்த ஊர் தேறுமா, இப்படியே இருக்குமா, மோசமாகுமா என்பது கடைசிக் கேள்வி. அதற்கும் அவள்தான் பதில் சொன்னாள். வீடு இருந்தா ஆள் வரும், ஆள் வந்தா கடை வரும், தேறும்னு போடுங்க, தேறலைன்னா வந்து என்னைக் கேளுங்க என்றாள். இப்படிச் சொன்னவளையா, அம்மாடி, நாம் பெட்டியைக் கட்டச் சொல்வது?

பின்கட்டில் உன் அண்ணன் அறைதான் பாக்கி. எட்டு மாதமாக நான் அதன் பக்கமே போகவில்லை. செவ்வாய்க்கிழமை வானம் இருட்டிக்கொண்டு வந்தது, அவள் பாயை எடுத்தாள். அத்தனை அறையிலும் படுத்தவள் அந்த வாசற்படியில் சின்னப்பிள்ளை மாதிரி நின்றாள். நான் பாயை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். கொட்டித் தீர்த்தது மழை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், என் கண்ணைத் தவிர வேறு எங்கும் ஒழுகவில்லை. காலையில் வெளியே வந்து, நல்லா இருக்கு, வாடகைக்குக் கேட்ட நர்சுப் பொண்ணுக்குச் சாவியைக் கொடு என்றேன். நீ சொன்னதைக் கேட்டு வரச் சொல்லியிருந்த வீட்டுத் தரகரை அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன்.

வீடு என் பெயரில்தான் இருக்கிறது. பின்கட்டை உன் அண்ணி பெயருக்கு எழுதப்போகிறேன். முன்கட்டு எனக்குப் பின் உனக்கு. உன் மனம் கோணாமல் செய்ய வேண்டும் என்று ஒரு தாளும் இதோடு வைத்திருக்கிறேன், சம்மதம் என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. சம்மதமில்லை என்றால் என்னைத் திட்டு, அவளைத் திட்டாதே. நீ பிள்ளை குட்டியோடு நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். பிள்ளைக்கு ராத்திரி தலைக்கு ஊற்றாதே. தாளைக்கூட மெதுவாக அனுப்பு, ஆனால் இதைப் படித்ததும் அவளுக்கு ஒரு போன் போடு. எங்கேயும் போகாதீங்க அண்ணி என்று உன் வாயால் சொல். நான் நூறு தரம் சொல்லியாயிற்று, மாமியார் பேச்சை எந்த மருமகள் கேட்டிருக்கிறாள். அவள் பெட்டி இன்னும் கதவோரம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் வரவை விட உன் வார்த்தைக்குக் காத்திருக்கும் அம்மா