வாசல் சாவியோடு போன மீன்

இவளே,

இந்தக் காலத்தில் எந்தக் கடைக்காரனும் தூண்டில் கோலைப் பார்த்து, அதற்கேற்ற எடையில் இரைக்குக் கட்டும் பொம்மை மீன் விற்பதில்லை. என் தடிக் கோலில் வீசினால் அவன் கொடுத்த இலேசான பொம்மை காலடியிலேயே விழுந்தது. எடைக்காக நம் வாசல் சாவியை அதன் வயிற்றில் கட்டினேன். அருமையாகப் பறந்தது. ஒரு மீன் தூண்டில் நரம்பை அறுத்துச் சாவியோடு போய்விட்டது.

"மீனா வந்து கதவைத் திறக்கப்போகுது?" என்று நேற்று சிரித்தாய். மீன் வராது. அதைப் பிடித்து அறுக்கிறவன் வருவான். சாவியில் வீட்டு எண்ணைக் கீறி வைத்திருக்கிறேன்.

நான் வரும்வரை வெளியே போகாதே. மீன் விற்கிறவன் வந்தால் கதவைத் திறக்காதே. குழம்பு அடுப்பில் இருக்கிறது, எனக்கும் வை.

மறந்துவிட்டேன்: நீ குளித்து வருவதற்குள் உன் பீரோ சாவியை எடுத்துக்கொண்டேன். அதே எடை. அந்த மீனுக்குச் சாவி பிடித்திருக்கிறது. கோபப்படாதே, புது நரம்பு அறாது என்கிறான் கடைக்காரன். எனக்கு நம்பிக்கையில்லை. வருகிறேன்.